வினாத்தாளின் இலக்கணம்: அமெரிக்க எஸ்.ஏ.டி. தேர்வு – ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

கற்றவை யாவும் வினாவின் முன்னிலையில்தான் சோதிக்கப்படுகின்றன. வினா எத்தகையது, எவ்வாறு அமைக்கப்பெற்றது, எத்தகைய விடையை வேண்டி நிற்கிறது என்பனவற்றை அறியாதவன், பொருளறிவு நிரம்பப் பெற்றிருப்பினும் தேர்வுக் கூடத்தில் தடுமாறுகின்றான். யாப்பிலக்கணம் அறியாதவன் வெண்பா இயற்றத் தொடங்குவது போன்றது அது. கருத்து இருக்கும், சீரும் தளையும் சிதையும்.

தேர்வின் வடிவத்தைக் கற்பது குறுக்குவழி என்று கருதுவோர் நம்மிடையே உளர். அக்கருத்து ஆராய்தற்குரியது. அதற்குத் தக்க எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரியிற் சேர்வதற்காக எழுதும் எஸ்.ஏ.டி. என்னும் தரப்படுத்தப்பட்ட தேர்வை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. நூறாண்டு வரலாறு உடைய தேர்வு இது. 2024ஆம் ஆண்டு பள்ளிப்படிப்பை முடித்த மாணவர்களுள் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இதனை எழுதியுள்ளனர். இதன் தோற்றம், அமைப்பு, மதிப்பீட்டு முறை ஆகியவற்றை விளக்கி, அவற்றிலிருந்து நம் மாணவர் பெறத்தக்க பாடத்தைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘தரப்படுத்தப்பட்ட’ என்பதன் பொருள்

‘தரமான தேர்வு’ வேறு. ‘தரப்படுத்தப்பட்ட தேர்வு’ வேறு. எல்லார்க்கும் ஒரே வகையான வினாக்கள், ஒரே கால அளவு, ஒரே விதிகள், ஒரே மதிப்பெண் அளவுகோல் என வரையறுத்து நடத்தப்படுவதே தரப்படுத்தப்பட்ட தேர்வு. ஒரு பள்ளியில் 90 விழுக்காடு பெற்ற மாணவனையும், வேறொரு பள்ளியில் 75 விழுக்காடு பெற்ற மாணவனையும் ஒப்பிடுவது கடினம். ஆசிரியர் வேறு, வினாத்தாள் வேறு, திருத்தும் கை வேறு. இவ்வேறுபாடுகளைக் களைந்து எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்னும் எண்ணத்தின் விளைவே இவ்வகைத் தேர்வு. அத்தராசு நேர்மையானதுதானா என்னும் வினாவும் அதனுடனேயே பிறந்தது.

பிறப்பும் வளர்ப்பும்

அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு காலேஜ் போர்டு என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. தொடக்கத்தில் அது நடத்தியவை நெடிய கட்டுரை விடைகள் எழுதும் பாடத் தேர்வுகளே. முதல் உலகப் போரின்போது படைவீரர்களைத் தரம் பிரிக்கக் கையாளப்பட்ட நுண்ணறிவுத் தேர்வுகளை அடியொற்றிக் கல்லூரிக்கெனப் புதிய தேர்வொன்று பின்னர் உருவாக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் கார்ல் பிரிகாம். 1926ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் முதல் எஸ்.ஏ.டி. தேர்வு நடைபெற்றது. எண்ணாயிரம் பேருக்குச் சற்று மேற்பட்டோர் எழுதினர். 97 நிமிடங்களில் 315 வினாக்கள். அதாவது, ஒரு வினாவிற்கு ஏறத்தாழ 18 நொடிகள்!

பிரிகாமின் வாழ்வு ஆய்வாளர் யாவர்க்கும் ஒரு பாடம். 1923இல் அவர் வெளியிட்ட நூலில், படைவீரர் தேர்வு மதிப்பெண்களைக் காட்டி, வட ஐரோப்பிய இனத்தார் அறிவில் உயர்ந்தோர் என்றும் பிறர் தாழ்ந்தோர் என்றும் வாதிட்டார். ஆங்கிலம் அறியாத குடியேறிகள் ஆங்கிலப் பண்பாட்டில் ஊறிய வினாக்களுக்கு விடையளிக்க இயலாமற் போனதை அவர் அறிவுக்குறை எனக் கொண்டார். எனினும், 1930இல் தம் முடிவுகள் அடிப்படையற்றவை எனத் தாமே எழுதி மறுத்தார். தாம் சொன்னதைத் தாமே மறுக்கும் துணிவு அறிஞர்க்கு அழகு. ஆயினும், தேர்வு மதிப்பெண்ணை மனிதரின் மதிப்பாகக் கொள்வதன் இடரை அவ்வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

இதே தேர்வு மற்றொரு முகமும் உடையது. 1933இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரான ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே அப்பல்கலைக்கழகத்தை நிரப்புவதை மாற்ற விழைந்தார். நாட்டின் பிற பகுதிகளிலிருந்து திறமையுள்ள மாணவரைக் கண்டெடுத்துக் கல்வி உதவித்தொகை வழங்க எஸ்.ஏ.டி. தேர்வைப் பயன்படுத்தினார். அப்பணியில் அவர்க்குத் துணைநின்ற ஹென்றி சான்சி, 1947இல் தொடங்கப்பெற்ற கல்வித் தேர்வுப் பணி நிறுவனத்தின் முதல் தலைவரானார். இவ்வாறு ஒரே கருவி ஒருவர் கையில் கதவை அடைக்கவும், மற்றொருவர் கையில் கதவைத் திறக்கவும் பயன்பட்டது.

இன்றைய அமைப்பு

பல மாற்றங்களுக்குப் பின், வெளிநாடுகளில் 2023ஆம் ஆண்டு மார்ச்சு முதலும், அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு மார்ச்சு முதலும் இத்தேர்வு கணினிவழித் தேர்வாக நடைபெறுகின்றது. மாணவர் மடிக்கணினியிலோ பலகைக் கணினியிலோ ‘ப்ளூபுக்’ என்னும் செயலியின் வாயிலாக எழுதுகின்றனர். மொத்தக் காலம் 2 மணி 14 நிமிடம். மொத்த வினாக்கள் 98. தேர்வு இரு பகுதிகளை உடையது.

முதற்பகுதி வாசிப்பும் எழுத்தும். இது இரு கூறுகளாக அமையும். ஒவ்வொரு கூறிலும் 32 நிமிடத்தில் 27 வினாக்கள். ஆக 64 நிமிடத்தில் 54 வினாக்கள். வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 71 நொடிகள்.

பத்து நிமிட இடைவேளைக்குப் பின் வருவது இரண்டாம் பகுதியாகிய கணிதம். இதுவும் இரு கூறுகளை உடையது. ஒவ்வொன்றிலும் 35 நிமிடத்தில் 22 வினாக்கள். ஆக 70 நிமிடத்தில் 44 வினாக்கள். வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 95 நொடிகள். கணிதப் பகுதி முழுமைக்கும் கணிப்பான் பயன்படுத்தலாம். செயலியிலேயே வரைபடக் கணிப்பான் ஒன்று தரப்பட்டுள்ளது.

வாசிப்புப் பகுதியில் ஒவ்வொரு வினாவிற்கும் 25 முதல் 150 சொற்களுக்கு உட்பட்ட ஒரு சிறு பத்தி தரப்படும். ஒரு பத்திக்கு ஒரு வினாவே. பத்தியின் மையக்கருத்தையும் சான்றையும் காணுதல், இடம் நோக்கிச் சொற்பொருள் காணுதல், இணைப்புச் சொற்களைப் பொருத்தமுற அமைத்தல், நிறுத்தக்குறிகளையும் இலக்கண மரபையும் பேணுதல் என நான்கு திறன்கள் இங்குச் சோதிக்கப்படுகின்றன.

கணிதத்தில் இயற்கணிதமும் உயர்நிலைக் கணிதமும் தனித்தனியே ஏறத்தாழ 35 விழுக்காடு இடம்பெறும். எஞ்சிய 30 விழுக்காட்டைத் தரவுப் பகுப்பாய்வும், வடிவியல் முக்கோணவியல் ஆகியனவும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும். கணித வினாக்களுள் நாலில் ஒரு பங்கு விடைத்தெரிவு தரப்படாதவை. மாணவர் தாமே விடையைக் கண்டு எண்ணால் தட்டச்சிட வேண்டும்.

தக அமையும் தேர்வு

இப்புதிய அமைப்பின் தனிச்சிறப்பு, மாணவர்க்குத் தக்கவாறு தேர்வு தன்னை மாற்றிக்கொள்வதாகும். ஒவ்வொரு பகுதியிலும் முதற்கூறில் எளியனவும் இடைத்தரமானவும் கடியனவும் கலந்து வரும். அதில் மாணவர் காட்டும் திறத்தைப் பொறுத்து, இரண்டாம் கூறு சற்று எளிதாகவோ சற்றுக் கடிதாகவோ அமையும். எளிய இரண்டாம் கூறுக்குச் சென்றவர் அப்பகுதியில் மிக உயர்ந்த மதிப்பெண்ணை எட்ட இயலாது. ஆதலின், முதற்கூறில் விரைவினும் கவனமே முதன்மையானது.

இரண்டாம் கூறு கடினமாக இருப்பதைக் கண்டு மனந்தளரும் மாணவன் இவ்வமைப்பை அறியாதவன். அறிந்தவனோ, முதற்கூறில் தான் நன்கு செய்தமைக்கான அடையாளமாக அதனைக் கொள்ளலாம். ஒரே வினாத்தாள், ஒருவனுக்கு அச்சம், மற்றவனுக்கு ஊக்கம். இருவரிடையே உள்ள வேறுபாடு அறிவன்று. அமைப்பைப் பற்றிய தெளிவே.

ஒரு கூறுக்குள் முன்னும் பின்னும் செல்லலாம். ஐயமுள்ள வினாவைக் குறியிட்டு வைத்துப் பின்னர் மீளலாம். ஆயின், கூறு முடிந்தபின் அதற்குத் திரும்ப இயலாது. மேலும், ஒவ்வொரு கூறிலும் இரண்டு வினாக்கள் எதிர்காலத் தேர்வுகளுக்காக முன்னோட்டம் பார்க்கப்படுபவை. அவற்றிற்கு மதிப்பெண் இல்லை. அவை எவை என்பது மாணவர்க்குத் தெரியாது. எனவே, விளங்காத ஒரு வினாவுடன் போராடிக் காலத்தை இழப்பது அறிவுடைமையன்று.

மதிப்பெண்ணும் ஊகமும்

ஒவ்வொரு பகுதிக்கும் 200 முதல் 800 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 400 முதல் 1600 வரை. ஒரு நாள் வினாத்தாள் மற்றொரு நாள் வினாத்தாளைவிடச் சற்றுக் கடினமாக அமையின், அவ்வேறுபாட்டைப் புள்ளியியல் முறையில் ஈடுசெய்து ஒரே அளவுகோலில் மதிப்பெண் வழங்குவர். உடன் எழுதியோர் திறமையானோர் என்பதால் ஒருவர் மதிப்பெண் குறைவதில்லை.

தவறான விடைக்குரிய விதி கருதத்தக்கது. 2016ஆம் ஆண்டு மாற்றத்திற்கு முன்னர், ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தவறாயின் கால் மதிப்பெண் கழிக்கப்படும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வினாக்களுக்கு விடையளித்தால், சராசரியாக ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும். நான்கு தவறாகி அந்த ஒரு மதிப்பெண்ணும் போகும். ஊகத்தால் ஆதாயமுமில்லை, இழப்புமில்லை. 2016 முதல் நான்கு விடைத்தெரிவுகளே; கழிவும் இல்லை. எனவே எவ்வினாவையும் விடையின்றி விடுவது இழப்பேயாகும்.

நம் நாட்டு நீட் தேர்வின் விதி வேறு. அங்குச் சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கொள்குறி வகை விடைத்தாளிலோ, ‘விடை தெரியவில்லை’ என்பதற்கெனவே ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு. ஒரு தேர்வுக்குரிய நடைமுறையை மற்றொரு தேர்வுக்குள் கொண்டுசெல்வது எத்துணை இடர் தரும் என்பது இவற்றால் விளங்கும்.

நன்னூலார் கண்ட வினாவும் விடையும்

தமிழ் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என அறுவகைப்படுத்தினார். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரோ என்று அறியும்பொருட்டு ஆசிரியன் வினவுவது அறிவினா. உலகில் உள்ள தேர்வு வினாக்கள் யாவும் அறிவினாக்களே. இதனை உணர்ந்தால் ஓர் உண்மை புலப்படும். கேட்பவர் விடையை முன்னரே உறுதி செய்துவிட்டார்; அவ்விடை ஒன்றே என்பதற்குரிய சான்றையும் வினாவிற்குள்ளேயே வைத்துள்ளார். நாம் செய்ய வேண்டியது, நம் விருப்பத்தை உரைப்பதன்று, அச்சான்றைத் தேடுவதேயாகும்.

விடையை எண்வகைப்படுத்திய இலக்கணிகள் அவற்றுள் முதலாவதாகச் சுட்டு விடையை வைத்தனர். விடைத்தெரிவு வினாவில் எஞ்சி நிற்பது அச்சுட்டு விடை ஒன்றே. மறுத்துரைக்கவோ, எதிர்வினா எழுப்பவோ, இனமாகிய ஒன்றைச் சொல்லவோ அங்கு இடமில்லை. இஃது இவ்வகைத் தேர்வின் எளிமை. இதுவே அதன் குறையும் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எஸ்.ஏ.டி. வாசிப்பு வினாவின் போக்கை விளக்கத் தமிழில் அமைக்கப்பட்டது இது:

‘ஓர் ஊரின் ஏரி பத்தாண்டுகளாகத் தூர்வாரப்படவில்லை. அப்பத்தாண்டுகளில் மழையளவு குறையவில்லை. ஆயினும் ஏரியில் நீர் தங்கும் நாள்கள் ஆண்டுதோறும் குறைந்து வந்தன. ஆகவே, …’

இத்தொடரை முடிக்க ஏற்றது எது?
(அ) அவ்வூரில் மழை பொய்த்துவிட்டது.
(ஆ) உழவுக்கு ஏரிகள் இன்றியமையாதவை.
(இ) நீர்க்குறைவுக்குக் காரணம் மழையன்று. ஏரியின் கொள்ளளவு குறைந்தமையாகலாம்.
(ஈ) நாட்டின் ஏரிகள் யாவும் அழிந்துவிட்டன.

முதல் விடை பத்திக்கு முரணானது. இரண்டாவது உண்மையே; ஆனால் பத்தியிலிருந்து பெறப்படுவதன்று. நான்காவது, ஓர் ஊரைப் பற்றிய செய்தியை நாடு முழுமைக்கும் ஏற்றுகின்றது. மூன்றாவதே பத்தி தாங்கும் அளவிற்குப் பேசுகின்றது. ‘ஆகலாம்’ என்னும் சொல் அதன் அடக்கத்தைக் காட்டுகின்றது. மாணவர் பெரிதும் ஏமாறுவது இரண்டாம் வகை விடையில்தான். உண்மை என்பதால் அது விடையாகிவிடாது. கேட்ட வினாவிற்கு விடையாக வேண்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை நன்னூலார் தலைமாணாக்கர்க்கு உவமை கூறியது இங்கு நினையத்தக்கது.

சமநிலை பற்றிய வினா

இத்தேர்வின் மீது எழுப்பப்பெற்ற குறைகளைக் கூறாது விடுதல் முறையன்று. பழைய எஸ்.ஏ.டி. தேர்வில் சொல்லிணை ஒப்புமை வினாக்கள் இருந்தன. ஓட்டக்காரர்க்கு நெடுந்தொலைவு ஓட்டம் எப்படியோ, துடுப்பாளர்க்கு எது அப்படி என்னும் பொருள்பட அமைந்த வினா ஒன்று பெரிதும் பேசப்பட்டது. ‘ரெகாட்டா’ எனப்படும் படகுப் போட்டியே விடை. செல்வர்க்குப் பழக்கமான விளையாட்டின் பெயரை ஏழைப் பிள்ளை எங்ஙனம் அறியும்? அறிவைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு பிறந்த வீட்டைச் சோதிப்பதாக அது அமைந்துவிட்டது. அவ்வகை வினாக்கள் 2005இல் நீக்கப்பட்டன.

தனிப்பயிற்சியும் ஏற்றத்தாழ்வைப் பெருக்கிற்று. நியூயார்க் நகரின் புருக்ளின் பகுதியில் ஸ்டான்லி காப்லன் என்பார் 1940களிலேயே இத்தேர்வுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். பின்னாளில் அது பெருவணிகமாயிற்று. பணமுள்ளோர் வடிவத்தை விலைக்கு வாங்கினர். இல்லாதோர் தேர்வு நாளன்றுதான் அதனை முதன்முதலாகக் கண்டனர். இதற்கு ஓரளவு மாற்றாக, 2015 முதல் கான் அகாதெமி என்னும் இணையக் கல்வி அமைப்பு காலேஜ் போர்டுடன் இணைந்து இலவசப் பயிற்சி வழங்கத் தொடங்கியது. முழு மாதிரித் தேர்வுகளும் செயலியில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தேர்வே வேண்டுமா என்னும் விவாதமும் முடியவில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பல கல்லூரிகள் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்காமல் விட்டன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு அதனைக் கருதுவதையே கைவிட்டது. மாறாக, எம்.ஐ.டி. நிறுவனம் 2022இலும், டார்ட்மத், யேல், ஹார்வர்டு ஆகியன 2024இலும் மீண்டும் தேர்வு மதிப்பெண்ணைக் கோரப்போவதாக அறிவித்தன. வசதியற்ற பள்ளியில் பயின்ற திறமைசாலியை அடையாளம் காண மதிப்பெண் உதவுகின்றது என்பது அவை கூறிய காரணங்களுள் ஒன்று. கோனன்ட் காலத்து வாதமும் பிரிகாம் காலத்து ஐயமும் இன்றும் எதிரெதிரே நிற்கின்றன.

நாம் கொள்ளத்தக்கன

மாணவமணிகளே! நீங்கள் எழுதவிருப்பது எஸ்.ஏ.டி. தேர்வாக இராது. ஆசிரியர் தகுதித் தேர்வோ, அரசுப் பணித் தேர்வோ, உதவிப் பேராசிரியர்க்கான நெட் தேர்வோ ஆகலாம். எத்தேர்வாயினும், பாடநூலைத் திறக்கும்போதே ஆறு வினாக்களுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்:

1. எத்தனை பகுதிகள்? ஒவ்வொன்றிற்கும் எவ்வளவு காலம்?
2. ஒரு வினாவிற்கு எத்தனை நொடிகள் கிடைக்கும்?
3. எத்திறனுக்கு எத்தனை விழுக்காடு வினாக்கள்?
4. தவறான விடைக்குக் கழிவு உண்டா? விடையளிக்காததற்கு விதி யாது?
5. முந்தைய பகுதிக்குத் திரும்ப இயலுமா?
6. நடத்தும் அமைப்பே வெளியிட்ட மாதிரி வினாத்தாள் எங்குக் கிடைக்கும்?

இவ்விவரங்களை நடத்தும் அமைப்பின் அறிவிக்கையிலிருந்தே பெறுக; பிறர் வாய்மொழியை நம்பி இராதீர். பின்னர்க் கடிகாரத்தை முன்வைத்து முழு மாதிரித் தேர்வு ஒன்றையேனும் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியபின், தவறிய ஒவ்வொரு விடைக்கும் காரணத்தைக் குறிக்க வேண்டும்: பொருள் தெரியாமையா, வினாவை முழுதும் படியாமையா, காலம் போதாமையா? மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. பொருள் தெரியாதவன் நூலுக்குச் செல்ல வேண்டும். வினாவைப் படியாதவன் நிதானம் பழக வேண்டும். காலம் போதாதவன் மீண்டும் மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்கு, தேர்வின் வடிவத்தை எடுத்துச் சொல்ல வீட்டில் எவரும் இரார். அண்ணன் எழுதிய தேர்வு, அத்தை எழுதிய தேர்வு என்னும் அனுபவச் செல்வம் அப்பிள்ளைக்கு இல்லை. அதனைப் பயிற்சி நிலையங்களில் விலைக்கு வாங்கவும் இயலாது. கட்டணம் கட்டுவதும் நூல் வாங்கித் தருவதும் நற்பணிகளே. அவற்றுடன், கல்லூரி நூலகத்தில் மாதந்தோறும் ஒரு மாதிரித் தேர்வு நடத்தி, அன்றே அதனைத் திருத்தி விளக்கும் ஏற்பாடும் வேண்டும். செலவு சிறிது, பயன் பெரிது.

முடிவுரை

தேர்வின் வடிவத்தை அறிவது கல்விக்கு மாற்றாகாது. இலக்கணம் மட்டும் கற்றவன் கவிஞனாகான் என்பதுபோல, வடிவம் மட்டும் அறிந்தவன் அறிஞனாகான். ஆனால், கற்ற பிள்ளை வடிவம் அறியாமையால் தோற்பதைத் தவிர்க்கும் கடமை நமக்கு உண்டு. எஸ்.ஏ.டி. தேர்வின் நூறாண்டு வரலாறு, மதிப்பெண்ணை மனிதரின் மதிப்பாக மயங்கக் கூடாது என்பதையும், விதிகள் எல்லார்க்கும் தெரிந்திருந்தாலன்றிப் போட்டி நேர்மையாகாது என்பதையும் ஒருங்கே கற்பிக்கின்றது. அவ்விதிகளை அறிந்தோர் அறியாதோர்க்கு எடுத்துரைப்பாராக.